மஞ்சளில் வாய் வைக்கும் ஈ சிவப்பை ஏன் தாண்டிப் போகிறது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் நான்கு தேன்பெட்டி வைத்திருக்கிறேன், எல்லாம் அடுக்குத் தேனீ. வேலியோரம் நிற்கும் உண்ணிச்செடியில் ஈக்கள் நடுவிலுள்ள மஞ்சள் பூவில் மட்டும் வாய் வைக்கின்றன. சுற்றியுள்ள சிவப்புப் பூக்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்த்துத்தான் ஈ முடிவு செய்கிறதா, அல்லது வாசனையா? பெட்டிக்காக இப்படி நிறம் மாறும் பூச்செடிகளையே தேடி நடலாமா?

பதில்:

நீங்கள் பார்த்தது சரி. அந்தச் சிவப்புப் பூவும் முதல் நாளில் மஞ்சளாக இருந்ததுதான். உண்ணிச்செடியின் ஒரு கொத்தில் 20 முதல் 40 சிறு பூக்கள் இருக்கும். வெளி வட்டம் முதலில் மலரும், பிறகு படிப்படியாக உள்ளே மலர்ந்துகொண்டு போகும். அதனால் எப்போது பார்த்தாலும் நடுவில் இன்றைய பூ, ஓரத்தில் நேற்றும் முந்தாநாளும் மலர்ந்த பூ. தேன் இருப்பது பெரும்பாலும் இன்றைய பூவில்தான். ஈ அதைத் தெரிந்துகொண்டு வேலை செய்கிறது.

இதை முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஃபிரிட்ஸ் முல்லர். பிரேசிலில் இருந்தபடி 1877-இல் எழுதிய குறிப்பில், உண்ணிப்பூ முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா என்று மாறுவதையும், வண்ணத்துப்பூச்சிகளில் சில மஞ்சளில் மட்டும், சில மஞ்சளிலும் ஆரஞ்சிலும் உறிஞ்சுவதையும், மூன்றாம் நாள் பூவை எதுவும் தொடாததையும் பதிவு செய்தார். கூடவே அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் நிற்கிறது. முதல் நாளே பூ உதிர்ந்துவிட்டால் கொத்து சிறுத்துப்போய்த் தூரத்திலிருந்து கண்ணில் படாது. உதிராமல் நிறமும் மாறாமல் நின்றால், வருகிற பூச்சி வெறும் பூவில் நேரத்தை வீணாக்கும். இது உண்ணிச்செடிக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை. பூ வாடாமலேயே நிறம் மாற்றும் செடிகள் 70-க்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் இருப்பதாக அமெரிக்க உயிரியலாளர் மார்த்தா வைஸ் 1990-களில் தொகுத்துக் காட்டினார்.

முல்லர் சொன்ன முதல் பாதி, அதாவது பழைய பூ எதற்காக நிற்கிறது என்பது, தேனீயின் கண்ணைத் தெரிந்துகொண்டால்தான் முழுதாகப் புரியும். தேனீக்கு நிறத்தைப் பிரித்துப் பார்க்க, அந்தப் பொருள் அதன் கண்ணில் ஏறத்தாழ 15 பாகை கோணத்தை நிரப்ப வேண்டும். அதைவிடச் சிறிதாகத் தெரியும்போது, சுமார் 5 பாகை வரைக்கும், ‘இலைப் பின்னணியிலிருந்து வேறாக ஏதோ இருக்கிறது’ என்று மட்டும் தெரியும். அதன் நிறம் தெரியாது. இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 1 செ.மீ. அகலமுள்ள ஒற்றைப் பூவை ஈ சுமார் 11 செ.மீ. தூரத்தில்தான் கண்டுபிடிக்கும், அதன் நிறம் தெரிய 4 செ.மீ. கிட்ட வரவேண்டும். அதே பூக்கள் சேர்ந்து 3 செ.மீ. கொத்தாக நின்றால் சுமார் 34 செ.மீ. தூரத்திலேயே கண்ணில் படும். புதர் முழுக்கக் கொத்தாக இருந்தால் மீட்டர் கணக்கில் எட்டும். ஆக, தேன் தீர்ந்த பழைய பூக்கள் விளம்பரப் பலகை போல நின்று தூரத்திலிருந்து அழைக்கின்றன. பக்கத்தில் வந்ததும் எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதை நிறம் சொல்கிறது. ஒரே கொத்து, இரண்டு தூரத்தில் இரண்டு வேலை.

நிறம் என்று நாம் சொல்வதும் ஈ பார்ப்பதும் ஒன்றில்லை. தேனீயின் கண்ணில் மூன்று வகை உணர்விகள் உண்டு: புற ஊதாவுக்கு ஒன்று (அதிகம் தூண்டப்படுவது சுமார் 344 நானோமீட்டர் அலைநீள ஒளியில்), நீலத்துக்கு ஒன்று (சுமார் 436), பச்சைக்கு ஒன்று (சுமார் 544). ஆய்வகங்களில் அளந்தது பெரும்பாலும் இத்தாலியத் தேனீயான ஏபிஸ் மெல்லிபெராவில். சிவப்புக்கென்று தனி உணர்வி கிடையாது. தேனீ ஆய்வாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914-இல் வெளியிட்ட சோதனையில், பல அளவு சாம்பல் அட்டைகளுக்கு நடுவே வைத்த நீல அட்டையை ஈக்கள் தப்பாமல் கண்டுபிடித்தன. சிவப்பு அட்டையைக் கறுப்போடும் அடர்சாம்பலோடும் குழப்பிக்கொண்டன. எனவே ‘ஈ சிவப்பைப் பார்த்துப் பயந்து விலகுகிறது’ என்று எண்ண வேண்டாம். மஞ்சள் பூ அதன் பச்சை உணர்வியை நன்றாகத் தூண்டும். ஆரஞ்சாகிச் சிவப்பானால் அந்தத் தூண்டல் இறங்கி, பூ இருட்டாகத் தெரியும். நம் மலையில் இளமஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பு, ஊதா என்று மாறும் உண்ணி வகையும் நிறைய உண்டு. அதில் மாற்றம் வேறு விதம்: முதிர்ந்த பூ நீல ஒளியையும் திருப்பி அனுப்புவதால், ஈக்கு அது வெளிச்சம் குறைந்த பூ என்பதைவிட, வேறொரு நிறப் பூவாகவே தெரிய வேண்டும். இரண்டு வகையும் உங்கள் வேலியில் இருந்தால் தனித்தனியாக எண்ணுங்கள். கலந்து எண்ணினால் கணக்கு குழம்பும்.

உள்ளே நடப்பது இதுதான். மஞ்சள் கரோட்டினாய்டு நிறமி முதலிலிருந்தே இதழில் இருக்கிறது. மகரந்தச் சேர்க்கை நடந்த பிறகு அதன் மேல் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு–ஊதா நிறமி சேர்கிறது. டெல்லியில் செய்த ஆய்வில், 1 மி.மீ. அளவேயுள்ள இலைப்பேன் (த்ரிப்ஸ்) பூச்சிகள்தான் அங்கே உண்ணிப்பூவில் சேர்க்கை நடத்துகின்றன என்பதும், சேர்க்கை நிறமாற்றத்தைத் தூண்டுகிறது என்பதும் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆய்விலோ தேனீ அதிகம் வந்த இடத்தில் உண்ணி அதிகம் காய்த்திருந்தது. யார் முக்கியம் என்பது இடத்துக்கு இடம் மாறும். எல்லாச் செடியும் ஒரே வழியில் நிறம் மாற்றுவதில்லை. சில பூக்களில் இதழ்ச் செல்லின் புளிப்புத்தன்மை மாறி ஊதா நீலமாகும். புருன்ஃபெல்சியா என்னும் தோட்டச் செடியில் இருந்த நிறமியே கரைந்து ஊதா வெள்ளையாகும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: நிறமா, வாசனையா? இரண்டும் உண்டு, ஆனால் இரண்டின் காலம் வேறு. ஒரு ஈ பூவில் இறங்கிப் போனதும் அதன் காலடியிலிருந்து மெழுகுப் பூச்சு போன்ற ஒரு வாடை பூவில் ஒட்டும். அடுத்து வரும் ஈ கிட்ட வந்து ஒரு நொடி மிதந்துவிட்டு இறங்காமலே போவது அதனால்தான். அந்த அடையாளம் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், பூவில் தேன் மறுபடி ஊறினால் ஈ இறங்கும். நிறமாற்றம் அப்படித் திரும்பாது. ஆகவே மஞ்சள் பூவை ஈ முகர்ந்துவிட்டு விலகினால் வாசனைக் கணக்கு. சிவப்பு வட்டத்தின் மேல் நிற்காமல் நேராக நடுவுக்குப் போனால் நிறக் கணக்கு.

நிறம் பார்க்கும் இந்தத் தேர்ச்சி பிறவியில் வருவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதன்முதலாக வெளியே வரும் இளம் ஈக்கு நீலம்–ஊதா மேல் இயல்பான சாய்வு உண்டு. ‘உண்ணியில் மஞ்சள்தான் நல்லது’ என்பதை அது பட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. ஆனால் கற்கும் வேகம் அசாத்தியம். ஒரு நிறத்தில் மூன்று முறை இனிப்புக் கிடைத்தால் போதும், நாட்கணக்கில் மறக்காது. முதல் சில கொத்துகளில் சிவப்பிலும் வாய் வைத்துப் பார்க்கும், பிறகு நிறுத்திவிடும். அதே ஈயிடம் தேனை வேறு நிறத்துக்கு மாற்றி வைத்துக் காட்டினால் அதையும் கற்கும். இதனால்தான், புதிதாகப் பூத்த இடத்தில் முதல் நாள் காலையில் எண்ணினால் தவறிய வருகைகள் அதிகமாகத் தெரியும். இரண்டு நாள் கழித்து எண்ணுங்கள்.

செடிக்கு இதில் என்ன லாபம் என்பதில் பல விளக்கங்கள் உண்டு. தேன்பெட்டி வைத்திருப்பவருக்கு ஒன்று மட்டும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஈ நல்ல இடத்தை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப வரும், மோசமான இடத்தையும் அப்படியே நினைவில் வைத்து ஒதுக்கும். பழைய பூவும் புதுப் பூவும் ஒரே நிறத்தில் நின்றால், பத்தில் ஏழு முறை ஏமாந்த ஈ புதரையே கைவிட்டுவிடும். நிறத்தால் பிரித்துக் காட்டும் செடியில் ஏமாற்றம் குறைவு, எனவே மறுநாளும் வரும். செடி தன் வாடிக்கையாளரிடம் நேர்மையாக இருந்து பிழைக்கிறது.

இதைக் கண்ணெதிரே பார்க்க ஊட்டியில் மே மாதப் பூச்செடிப் பாத்திகளில் இருக்கும் லூபின் நல்ல செடி. அதன் கதிர் கீழிருந்து மேலாக மலரும். ஈயும் கீழே தொடங்கி மேலே ஏறும். அதாவது அது முதலில் சந்திப்பது பழைய பூக்களை. ஒரு பூவை எடுத்து மேலே நிமிர்ந்து நிற்கும் அகன்ற இதழின் நடுவே பாருங்கள்: புதுப் பூவில் வெள்ளைப் பொட்டு, பழைய பூவில் அது செந்நீலமாக மாறியிருக்கும். பூவின் மற்றப் பகுதி அப்படியே இருக்கும். டெக்சாஸ் லூபினில் அந்தப் பொட்டு 5 நாள் வெள்ளையாக இருந்து 6-ஆம் நாள் மாறுகிறது. மாறிய பூவில் மகரந்தம் குறைவு, இருப்பதும் வீரியம் குறைந்தது. லூபினில் தேன் கிடையாது, ஈக்கு வேண்டியது மகரந்தப் பொடிதான். அரிசி மணி அளவு பொட்டு ஒன்று, எந்தப் பூவை அமுக்கித் திறப்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

உங்கள் வேலியிலேயே இதை அளந்து பார்க்கலாம். பெரிய கருவி வேண்டாம். மழையில்லாத நாளில், ஈ நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, ஒரே புதரில் 5 கொத்துகளைத் தேர்ந்து காம்பில் நூல் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை மஞ்சள், எத்தனை மாறிய பூ என்று எண்ணி எழுதுங்கள். பாதி மாறிய ஆரஞ்சைத் தனி வரிசையில் போடுங்கள். அதை மஞ்சளோடு சேர்ப்பதுதான் வழக்கமான முதல் தவறு. பிறகு 10 நிமிடம் உட்கார்ந்து, நாக்கை உள்ளே விட்ட வருகையை மட்டும் கணக்கில் எடுங்கள். வெறுமனே கால் வைத்து நடந்ததை எண்ணக் கூடாது, ஏனென்றால் ஓரத்துச் சிவப்புப் பூதான் ஈக்கு நிற்கும் திண்ணை. ஒரு நாளில் மூன்று வேளை இப்படி எண்ணுங்கள்.

கணக்கு எளிது. உதாரணத்துக்கு 160 பூக்களில் 40 மஞ்சள், அதாவது 25 சதவீதம் என்று வைப்போம். 60 வருகையில் 51 மஞ்சளுக்கு என்றால் 85 சதவீதம். 85-ஐ 25-ஆல் வகுத்தால் 3.4. மாறிய பூவுக்கு 15-ஐ 75-ஆல் வகுத்தால் 0.2. விடை 1-ஐ ஒட்டி வந்தால் ஈ நிறம் பார்க்கவில்லை என்று பொருள். 1-க்கு எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு தேர்ந்தெடுக்கிறது. சதவீதமாக மாற்றாமல் வருகையை மட்டும் எண்ணுபவர்கள், மஞ்சள் பூவே அதிகம் உள்ள கொத்தைப் பார்த்துவிட்டு ‘மஞ்சளுக்கே வருகிறது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

தேன் இருக்கிறதா என்று பார்க்க, முந்தின மாலையே சில கொத்துகளைத் துணிப்பையால் மூடி, காலையில் பையை எடுத்ததும் பூவைக் குழலோடு பிடுங்கி, நுனியிலிருந்து அடி நோக்கி மெல்ல அமுக்குங்கள். மஞ்சள் பூவில் அடியில் ஒரு துளி பளபளக்கும், மாறிய பூவில் பெரும்பாலும் ஒன்றும் வராது. அளவாக வேண்டுமென்றால் 1 மைக்ரோலிட்டர் கண்ணாடி நுண்குழாயில் உறிஞ்சி நீளத்தை அளக்கலாம். இங்கே மூன்று இடத்தில் தவறும். கொசுவலைத் துணியில் இலைப்பேன் சுலபமாக நுழைந்துவிடும். ஈயைத்தான் தடுத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டிருக்கையில், உள்ளே சேர்க்கை நடந்து பூ மாறிக்கொண்டிருக்கும். நெருக்கமாக நெய்த மெல்லிய மல் துணிதான் சரி. அடுத்தது மஞ்சு. கோத்தகிரியில் பனிமூட்டம் இறங்கிய காலையில் பூவிலிருக்கும் நீர் தேனோடு கலந்து அளவைக் கூட்டிக் காட்டும், எனவே பூ உலர்ந்த பிறகே அளக்க வேண்டும். மூன்றாவது, கருவண்டு பூவின் அடியைக் கீறித் தேனைத் திருடியிருக்கலாம். குழலின் அடியில் பிளவு உள்ள பூவைக் கழித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். உண்ணியின் இலை ஆடுமாட்டுக்கு விஷம்.

ஈ உண்மையிலேயே நிறத்தைக் கற்கிறதா என்று தனியாகப் பார்க்க ஆசையிருந்தால், மஞ்சள் தாளும் நீலத் தாளும் கண்ணாடித் தட்டின் அடியில் வைத்து, மஞ்சள் மேல் சர்க்கரைப் பாகு (1 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் நீர்), நீலத்தின் மேல் வெறும் நீர் வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈ நிறத்தைக் கற்காமல் இடத்தைக் கற்றுவிடும். மாற்றும்போதெல்லாம் கண்ணாடியைக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசனை வழிகாட்டிவிடும். கடைசியில் இரண்டிலும் நீர் மட்டும் வைத்து எதில் இறங்குகிறது என்று எண்ணுங்கள். இதைப் பெட்டிகளிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளிச் செய்யுங்கள், முடிந்ததும் பாகை உடனே அகற்றுங்கள். பெட்டிப் பக்கத்தில் திறந்த பாகு வைத்தால் பலமான கூட்டம் பலவீனமான கூட்டத்தைக் கொள்ளையடிக்கும்.

நடுவது பற்றி. உண்ணியை நடவே நடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது, இன்றைக்கு முதுமலையிலிருந்து கோத்தகிரிச் சரிவு வரை காட்டின் அடித்தளத்தை மூடி நிற்கிறது. காய்க்க விட்டால் பறவைகள் விதையைச் சோலைக்குள் கொண்டுபோகும். அடுக்குத் தேனீக்கும் அது அவ்வளவு வசதியான பூ இல்லை: பூக்குழல் சுமார் 1 செ.மீ. நீளம், ஈயின் நாக்கு ஏறத்தாழ 5 மி.மீ. தேன் நிறைந்து மேலே ஏறியிருக்கும் புதுப் பூவில் மட்டும்தான் எட்டும். நீங்கள் பார்த்த அந்தக் கறாரான தேர்வுக்கு இதுவும் ஒரு காரணம். இருக்கும் வேலியை வெட்டுவதானால் ஒரேயடியாக வெட்டாமல், மாற்றுப் பூச்செடி பூக்கும்வரை பகுதி பகுதியாக எடுங்கள்.

புருன்ஃபெல்சியா, ஹனிசக்கிள் போன்ற நிறம் மாறும் தோட்டச் செடிகள் பார்க்க அழகு, ஆனால் குழல் நீளம். அடுக்குத் தேனீக்கு அவற்றில் கிடைப்பது சொற்பம். நிறம் மாறுகிறது என்பது ஒரு செடி நல்ல தீவனச் செடி என்பதற்குச் சான்றாகாது. பெட்டிக்கு வேண்டியது நாவல், சில்வர் ஓக், குறிஞ்சி வகைகள், பாத்தியில் கடுகு, கொத்தமல்லி போன்றவை. நீலக்குறிஞ்சியில்கூட இளம்பூ வெளிர்நீலமாகவும் முதிர்ந்தது ஊதா படர்ந்தும் தெரியும். 2006, 2018 என்று வந்த பூப்பு அடுத்து 2030-இல் வரவேண்டும், அப்போது மேலே சொன்ன எண்ணும் முறையை அதில் செய்து பாருங்கள்.

எல்லா நிறமாற்றமும் ‘காலி’ என்ற பொருளில் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். மேட்டுப்பாளையம், பழனி அடிவாரம் போன்ற வெப்பமான இடங்களில் வேலியில் படரும் இரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக மலர்ந்து அந்துப்பூச்சியை அழைக்கும். அடுத்த நாள் இளஞ்சிவப்பாகிப் பகல் பூச்சிகளை அழைக்கும். அங்கே நிறம் மாறுவது ஆள் மாறுவதற்கு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எல்லா வீட்டு வாசலிலும் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவோ வேறு கதை. அது நீலமா இளஞ்சிவப்பா என்பது மண்ணின் புளிப்பையும், அதில் கரையும் அலுமினியத்தையும் பொறுத்தது. புளிப்பு மண்ணில் நீலம், சுண்ணாம்பு போட்டால் இளஞ்சிவப்பு. பூவின் வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பந்து பந்தாக இருக்கும் அந்த வகையில் நாம் இதழ் என்று பார்ப்பவை பெரும்பாலும் மலட்டுப் பூக்களின் புல்லிகள் (இதழுக்கு வெளியே இருக்கும் சுற்று), ஈக்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. நிறைய ஹைட்ரேஞ்சியா இருக்கும் தோட்டத்தை ஈக்கு நல்ல தோட்டம் என்று கணக்குப் போட வேண்டாம்.

உண்ணி வேலி இருக்கும்வரை அதை ஒரு அளவுகோலாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை 10 கொத்துகளில் மஞ்சளின் பங்கை எண்ணி எழுதி வாருங்கள். புதர் தூரத்திலிருந்து செக்கச்செவேலென்று நிறைந்து தெரியும், கிட்டப் போனால் கொத்துக்கு ஒன்றிரண்டு மஞ்சள்தான் இருக்கும். அப்படி மஞ்சளின் பங்கு வாரத்துக்கு வாரம் இறங்கினால், புதிதாக மலர்வது குறைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து, மூடிய தேன் எவ்வளவு அடையில் இருக்கிறது என்று பாருங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் அக்டோபர், நவம்பரில் ஈ நாள்கணக்கில் வெளியே போக முடியாது. இருப்புக் குறைவாக இருந்தால் அந்த வாரமே, மாலையில், பெட்டிக்கு உள்ளேயே 200 முதல் 300 மி.லி. சர்க்கரைப் பாகு கொடுக்கத் தொடங்கிவிடுங்கள்.